நின்றிருக்கும் காரைச் சுற்றி நிற்பவர்களுக்கு

பிரான்சின் லெ மான் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தின் காரேஜ்களில் வேலை பார்க்கும் மெக்கானிக்குகள், இன்ஜினியர்கள், டயர்காரர்கள், பெட்ரோல் குழாய் பிடிப்பவர்கள், லாரி ஓட்டுநர்கள், சமையல்காரர்கள் எல்லோருக்கும்,

இந்த மடலை உங்களில் ஒருவரும் படிக்கப்போவதில்லை என்று தெரியும். நீங்கள் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் பிரான்சிலும் இங்கிலாந்திலும் இருக்கிறீர்கள்; நான் தமிழில் எழுதுகிறேன். ஆனாலும் நன்றியை நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிடுவதுதான் நல்லது. உங்களைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை என்பதால் அந்த நாலு பேர் தமிழர்களாக இருப்பதிலும் தவறில்லை.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அங்கே கொடி அசையும்போது சென்னையில் இரவு ஏழரை. மறுநாள் இரவு ஏழரை வரைக்கும் தொலைக்காட்சியை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு வீட்டில் என்ன மரியாதை இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. "போன கார்தானே திரும்பத் திரும்ப வருது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ரொம்ப காலம் நானும் ஓடுகிற காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கிற காரைப் பார்க்க வைத்தது 2011-ஆம் ஆண்டுப் பந்தயம்.

அந்த ஆண்டு ஆடி நிறுவனம் மூன்று கார்களோடு வந்தது. முதல் மணி நேரத்திலேயே ஆலன் மெக்நிஷ் ஓட்டிய கார் தடுப்பில் மோதிச் சிதறியது. இருட்டிய பிறகு மைக் ராக்கன்ஃபெல்லரின் கார் அதைவிட மோசமாக நொறுங்கியது. இருவரும் உயிர் பிழைத்தது அந்தக் கார்களைக் கட்டியவர்களின் புண்ணியம். அதற்கும் சேர்த்தே இந்த நன்றி. மிச்சமிருந்தது ஒரே கார். பெஜோ அணியின் கார்கள் அதைத் துரத்த, விடிய விடிய ஓடி, ஞாயிறு மாலை அந்த ஒற்றைக் கார் வென்றது. 355 சுற்று, 4,838 கிலோமீட்டர். இரண்டாவதாக வந்த பெஜோவுக்கும் அதற்கும் இடையே 13.854 விநாடி.

அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒரு கணக்குப் போட்டேன். தொட்டியில் இருக்கும் டீசல் பதினொன்று, பன்னிரண்டு சுற்றுக்குத்தான் தாங்கும். ஆக ஏறக்குறைய முப்பது முறை கார் உள்ளே வந்து நின்றாக வேண்டும். ஒவ்வொரு முறையும் நீங்கள் அரை விநாடி தாமதித்திருந்தால் மொத்தம் பதினைந்து விநாடி. பந்தயம் போயிருக்கும். சக்கரத்தின் நட்டு ஒருமுறை சரியாகப் பொருந்தாமல் மறுபடி வைக்க வேண்டி வந்தாலோ, பெல்ட்டின் கொக்கி இருட்டில் கைக்கு அகப்படாமல் போனாலோ அரை விநாடி போய்விடும். ஓட்டுநர் அந்த அரை விநாடியைப் பாதையில் சம்பாதிக்க உயிரைப் பணயம் வைத்து ஒரு வளைவில் தாமதமாகப் பிரேக் அடிக்க வேண்டும். நீங்கள் அதை நின்ற இடத்தில், முழங்கால் தரையில் பதிய, சம்பாதித்துக் கொடுக்கிறீர்கள்.

அதன் பிறகு கார் காரேஜ்களின் முன்னிருக்கும் பிட் லேனுக்குள் திரும்பினால்தான் நான் நிமிர்ந்து உட்காருவேன். குறித்த கோட்டில் கார் நிற்கிறது. இன்ஜின் அணைகிறது. தலை முதல் கால்வரை தீப்பிடிக்காத உடையும் தலைக்கவசமும் அணிந்தவர் கனத்த குழாயைத் தூக்கிக்கொண்டு போய்ச் சொருகுகிறார். பக்கத்தில் இன்னொருவர் தீயணைப்பானோடு. ஒருவர் காற்றுக் குழாயைச் சொருகியதும் கார் உள்ளிருக்கும் ஜாக்கிகளின் மேல் துள்ளி எழுகிறது. சக்கர நட்டைக் கழற்றும் வீல் கன்னின் அலறல். கண்ணாடியின் மேல் ஒட்டிய மெல்லிய படலத்தை ஒருவர் உரித்து எறிய, பூச்சியும் எண்ணெயும் அதோடு போய்விடுகின்றன. கதவு திறந்து ஒருவர் இறங்க, அடுத்தவர் நுழைய, மூன்றாவது ஆள் உடம்பைப் பாதி உள்ளே விட்டு பெல்ட்டை இறுக்கி, ரேடியோ ஒயரை மாட்டி, தண்ணீர்க் குழாயைச் சரிசெய்து வெளியே வருகிறார். இத்தனை பேரும் ஒருவர் முதுகை ஒருவர் உரசிக்கொண்டு வேலை பார்க்கிறீர்கள். ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் காருக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. பெட்ரோல் தொட்டியின் அருகே ஒரு நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிடித்திருக்கும்வரை பெட்ரோல் பாயும். கையை விட்டால் அடைப்பு தானே மூடிக்கொள்ளும். தீப்பற்றினால், குழாய் பிடுங்கிக்கொண்டால், அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கையை எடுப்பது. இருபத்து நான்கு மணி நேரமும் அப்படி ஒன்று நடக்காமல் போய்விட்டால் அவர் இருந்தார் என்பதே யாருக்கும் தெரியாது. ஐயா, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

நாங்கள் தேர் இழுக்கிற ஊர்க்காரர்கள். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். வடத்தைத் தொட்டால் புண்ணியம். சக்கரத்துக்கடியில் குனிந்து கட்டை கொடுத்துத் தேரைத் திருப்புகிற நாலைந்து பேரை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் அவர்கள் கை பிசகினால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும் என்பது வடம் பிடித்த எல்லோருக்கும் தெரியும். உங்கள் வேலை எனக்கு உடனே புரிந்ததற்கு அந்த நாலைந்து பேர்தான் காரணம்.

வேலையைவிடக் கடினம் அதற்கிடையில் வரும் சும்மா இருத்தல் என்று நினைக்கிறேன். ஒருமுறை கார் வந்து போனால் மறுபடி வர முக்கால் மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தில் தூங்கவும் முடியாது, விழித்திருக்கவும் முடியாது. டயர் அடுக்கின் மேல் சாய்ந்து, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி உறங்கும் உங்கள் முகங்களை ஞாயிறு அதிகாலையில் கேமரா ஓரிரு விநாடி காட்டும். திடீரென்று ரேடியோவில் ஒரு குரல் வரும். கார் நேரமல்லாத நேரத்தில் உள்ளே வருகிறது. அடுத்த காட்சியில் நீங்கள் அத்தனை பேரும் கோட்டில் நிற்பீர்கள். உறக்கத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே உங்கள் உடம்பில் என்ன நடக்கிறது என்று யாராவது ஒரு மருத்துவர் எழுத வேண்டும்.

2011-இல் வென்ற அந்தக் காருக்கு ரேஸ் இன்ஜினியர் லீனா காடே. இந்தியப் பெற்றோருக்குப் பிரிட்டனில் பிறந்தவர், சிறுவயதில் சில ஆண்டுகள் இந்தியாவிலும் வளர்ந்தவர், மான்செஸ்டரில் விண்வெளிப் பொறியியல் படித்தவர். லெ மானில் வென்ற காரை வழிநடத்திய முதல் பெண் இன்ஜினியர். ஆந்த்ரே லாட்டரர், மார்செல் ஃபாஸ்லர், பெனுவா ட்ரெலுயே என்ற அதே மூன்று ஓட்டுநர்களோடு 2012-லும் 2014-லும் மறுபடி வென்றார். ரேஸ் இன்ஜினியர் என்றால் ஓட்டுநரின் காதுக்குள் பேசும் ஒரே குரல். எப்போது உள்ளே வருவது, எந்த டயர், மழை எந்தப் பக்கத்தில் பெய்கிறது, இன்னும் எத்தனை லிட்டர் மிச்சம் எல்லாம் அந்தக் குரல்தான் சொல்லும். பாதை பதின்மூன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளம் என்பதால் ஒரு முனையில் வெயிலும் மறுமுனையில் மழையும் இருப்பது அங்கே சாதாரணம். ஓட்டுநர்கள் முறை வைத்து இறங்கிப் படுக்கிறார்கள். இன்ஜினியருக்கு மாற்று ஆள் பெரும்பாலும் கிடையாது. 2012-இல் உலக எண்டூரன்ஸ் சாம்பியன்ஷிப் தன் 'மேன் ஆஃப் தி இயர்' விருதை லீனாவுக்குக் கொடுத்தது. விருதின் பெயரை மாற்ற வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றாதது எனக்கு இன்றும் சிரிப்பு.

அந்த லாட்டரர் ஆடி அணிக்குப் போய்ச் சேர்ந்த கதையில் எங்கள் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கும் பங்கு உண்டு. 2009-இல் நரேன் கார்த்திகேயன் கொல்லெஸ் என்ற தனியார் அணிக்காக லெ மானில் ஓட்ட வேண்டியிருந்தது. பந்தயம் தொடங்கும் முன் பிட் சுவரிலிருந்து குதித்தபோது அவருடைய தோள்மூட்டு நழுவிவிட்டது. மூன்று பேர் பகிர வேண்டிய இருபத்து நான்கு மணி நேரத்தை லாட்டரரும் சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மனும் இருவராகவே ஓட்டி ஏழாம் இடம் பிடித்தார்கள். லாட்டரர் ஆடியின் கண்ணில் பட்டார். இது எல்லோருக்கும் தெரிந்த பாதி. அந்தக் காரேஜில் இருந்தவர்களைப் பற்றித்தான் நான் யோசிக்கிறேன். ஓர் ஓட்டுநர் மொத்தம் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது; ஆறு மணி நேரத்துக்குள் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மூவருக்காகப் பல வாரம் போட்டு வைத்த அட்டவணை கொடி அசைவதற்குச் சற்று முன்பு குப்பைக்குப் போகிறது. யாரோ ஒருவர் உட்கார்ந்து இரண்டு பேரை வைத்து மறுபடி கணக்குப் போட்டிருக்கிறார். விடியும்வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதைச் சரிபார்த்திருக்கிறார். நரேனுக்காக நாங்கள் இங்கே வருத்தப்பட்டோம். உங்களை நினைக்கவில்லை.

பந்தயம் தொடங்கிய 1920-களில் நீங்கள் காரைத் தொடவே முடியாது. பழுது பார்ப்பது ஓட்டுநர் பாடு. கருவிகளையும் உதிரி பாகங்களையும் காரிலேயே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நூறாண்டில் விதிகள் எவ்வளவோ மாறிவிட்டன. இடையில் உங்கள் கைத்திறமையைப் பார்த்துப் பயந்துபோய் விதி மாறிய கதையும் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஆடி கொண்டுவந்த ஆர்8 காரின் பின்பாதி முழுவதையும், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாவற்றோடும் ஒரே துண்டாகக் கழற்றி மாற்றலாம். ஆடிக்காக அணியை நடத்திய ரைன்ஹோல்ட் யோஸ்ட்டின் மெக்கானிக்குகள் அதை ஐந்தாறு நிமிடத்தில் செய்து முடித்தார்கள். மற்ற அணிகளுக்குக் கியர்பாக்ஸ் போனால் பந்தயமே போனதுதான். இவர்களுக்கு அது நீளமான ஒரு டயர் மாற்றம். அந்த ஆண்டு முதல் மூன்று இடமும் ஆடிக்கே. பிற்பாடு கியர்பாக்ஸை அப்படி முழுதாக மாற்ற முடியாதபடி விதியைத் திருத்தினார்கள். ஓர் ஓட்டுநர் வேகமாக ஓட்டுகிறார் என்று அவர் காலைக் கட்டிப்போட்டதாகக் கேள்விப்பட்டதுண்டா?

சரி, நான் முக்கியமாக நன்றி சொல்ல வந்தது 2017-க்கு.

போர்ஷே அணியின் இரண்டாம் எண் கார். பந்தயம் தொடங்கி நான்கு மணி நேரம்கூட முழுதாக ஆகியிருக்காது. முன் சக்கரங்களை இயக்கும் மின் மோட்டார் செயலிழந்தது. கார் மெல்ல வந்து காரேஜுக்குள் போனது. மோட்டாரைக் கழற்றி மாற்ற ஒரு மணி ஐந்து நிமிடம். முன்பாதி பிரிக்கப்பட்டு, குடல் வெளியே தெரிய நின்ற அந்தக் காரைச் சுற்றி எத்தனை கைகள் இருந்தன என்று எண்ண முடியவில்லை. உயர் மின்னழுத்தம் ஓடும் கார் அது. தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய பாதுகாப்புச் சோதனைகள் உண்டு. அவசரத்தில் அதை விட்டுவிட முடியாது. கார் திரும்பப் போனபோது அறுபது கார் ஓடும் பந்தயத்தில் கிட்டத்தட்டக் கடைசி; முன்னணிக்குப் பதினெட்டுச் சுற்றுப் பின்னால்.

எனக்கு இங்கே இரவு வெகு நேரமாகிவிட்டிருந்தது. உண்மையில் அந்தக் காரை அன்று இரவு மறந்துவிட்டேன். நீங்கள் மறக்கவில்லை. இரவில் டொயோட்டா கார்கள் ஒவ்வொன்றாகத் தடுமாறின. ஞாயிறு காலை முதலிடத்தில் இருந்த போர்ஷேயின் முதலாம் எண் கார் எண்ணெய் அழுத்தம் இல்லாமல் பாதையிலேயே நின்றுவிட்டது. அதைவிடச் சிறிய வகையைச் சேர்ந்த கார் ஒன்று, ஜாக்கி சான் பெயர் தாங்கிய அணியுடையது, மொத்தப் பந்தயத்திலும் முன்னணிக்கு வந்தது. அதை இரண்டாம் எண் கார் கடைசி நேரத்தில் எட்டிப் பிடித்து ஒரு சுற்று வித்தியாசத்தில் வென்றது. அதை ஓட்டிய ஏர்ல் பாம்பர், டிமோ பெர்ன்ஹார்ட், பிரெண்டன் ஹார்ட்லி மூவரும் மேடையேறினார்கள். பெருமை அவர்களுக்கு உரியதுதான்.

ஆனால் நான் நன்றி சொல்வது வெற்றிக்காக இல்லை. அந்த ஒரு மணி ஐந்து நிமிடத்தில் உங்களில் யாருக்கும் வெற்றி நினைவில் இருந்திருக்க முடியாது. மற்றொரு கார் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அது வென்றாலே அணிக்குப் போதும். இதைத் தள்ளி ஓரமாக நிறுத்தியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஜெயிக்கும் என்று யாரும் நினைக்காத காருக்கு அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததால்தான் பந்தயம் முடியும்வரை அது தாங்கி ஓடியது. அவசரத்தில் அரைகுறையாக மாட்டியிருந்தால் நள்ளிரவில் திரும்ப வந்திருக்கும்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். அந்த வெற்றிக்கு ஆறு வாரம் ஆகும் முன்னே, ஜூலை கடைசியில், அந்த ஆண்டோடு அந்தக் கார் ஓடிய பிரிவிலிருந்து விலகுவதாகப் போர்ஷே அறிவித்தது. நிறுவனத்துக்கு அதற்கான கணக்குகள் இருந்திருக்கும். நான் அந்த மோட்டாரைக் கழற்றி மாட்டிய கைகளை நினைத்துக்கொண்டேன்.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததைப் பற்றி நீளமாக எழுத மனமில்லை. 2016-இல் வெற்றிக்கு மூன்று நிமிடம் இருக்கையில் கசுகி நகஜிமா ஓட்டிய டொயோட்டா சக்தியிழந்து, தன் பிட்டுக்கு நேர் எதிரே நேர்ப்பாதையில் நின்றது. டர்போவிலிருந்து போகும் காற்றுக் குழாயின் இணைப்பு ஒன்று உடைந்திருந்தது. பாதையில் நின்ற காரை அணியில் ஓட்டுநரைத் தவிர யாரும் தொடக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் கார்; இந்தப் பக்கம் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோக்கத் தெரிந்த அத்தனை பேரும். கடைசிச் சுற்றை முடிக்க அனுமதித்த நேரம் தாண்டிவிட்டதால் முடிவுப் பட்டியலில்கூட அந்தக் காருக்கு இடமில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் டொயோட்டாக்காரர்களான நீங்கள் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. பயிற்சியின்போது வேண்டுமென்றே கோளாறுகளை உண்டாக்கி, மூன்று சக்கரத்தில்கூடக் காரை ஓட்டிக்கொண்டு வரப் பழகினீர்கள். 2018-இல் வென்றபோது கடைசிச் சுற்றை ஓட்டிக் கோட்டைக் கடந்தவர் அதே நகஜிமா.

வெல்லும் அணிகளையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாற்பதாவது இடத்துக்காக வேலை பார்ப்பவர்கள் உங்களில் அதிகம். வென்ற கார் ஓடிய தூரத்தில் எழுபது சதவீதமாவது ஓடி, கடைசியில் கொடியும் வாங்கினால்தான் பட்டியலில் பெயர் வரும். ஆகவே ஞாயிறு மதியம் ஒரு காட்சி காணக் கிடைக்கும். முகப்பு முழுக்க டேப் ஒட்டி, ஒரு விளக்கு இல்லாமல், மணிக்கணக்கில் காரேஜுக்குள் கிடந்த கார் ஒன்று கடைசி அரை மணி நேரத்தில் மெல்ல வெளியே வரும். வர்ணனையாளர்கள் அதன் பெயரைச் சொல்ல மறந்துவிடுவார்கள். அதன் பின்னால் காரேஜ் வாசலில் நின்று கைதட்டுகிற ஆறேழு பேரை நான் பார்த்திருக்கிறேன்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு நடிகர் அஜித் குமாரின் அணி போனபோது தமிழ்நாடு முழுவதும் இந்த விளையாட்டை ஒரு வாரம் பேசியது. பந்தயத்துக்குச் சில நாள் முன்பு பயிற்சியில் அவருடைய கார் தடுப்பில் மோதிச் சுழன்ற காட்சியை எல்லோரும் பார்த்தோம். அப்புறம் அவர் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்று, அவர் தேசியக் கொடியோடு நின்றதையும் எல்லோரும் பார்த்தோம். இரண்டுக்கும் நடுவே காரேஜில் நடந்ததைக் காட்டிய செய்தி ஒன்றும் என் கண்ணில் படவில்லை. டீக்கடையில் இதைச் சொன்னபோது ஒரு பையன், இருசக்கர வாகன மெக்கானிக், கேட்டான்: "அண்ணே, அங்க வேலைக்குச் சேரணும்னா என்ன படிக்கணும்?" அஜித் மாதிரி ஓட்ட என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பையன்களைத்தான் அதுவரை பார்த்திருந்தேன். அவனுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உங்களில் பலர் உள்ளூர்ப் பந்தயங்களில் சம்பளமில்லாமல் சக்கரம் துடைத்துத் தொடங்கியவர்கள், லாரி ஓட்ட வந்தவர்கள் பலர் பந்தய நாளில் டயரோ குழாயோ பிடிப்பவர்கள் என்று. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பந்தய நாளன்று போய் நிற்கச் சொன்னேன்.

அதனால் ஒரு வேண்டுகோளும் உண்டு. மேடையில் கோப்பை கொடுத்து முடித்து, கார்களை அதிகாரிகள் சோதனைக்கு எடுத்துக்கொண்ட பிறகு, நீங்கள் தூங்காமலே காரேஜைப் பிரித்து லாரியில் ஏற்றத் தொடங்குவீர்கள். அதற்கு முன் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து, இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று யாராவது ஒருவர் எழுதி வையுங்கள். ஜெர்மன், ஜப்பானியம், பிரெஞ்சு, எந்த மொழியாக இருந்தாலும் பரவாயில்லை. தமிழாக்க ஆள் பிடிக்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். டீக்கடைப் பையன் காத்திருக்கிறான்.

சென்னையிலிருந்து ஒரு பார்வையாளன்